மருந்தே கேடு செய்தால்: இழப்பீட்டுக்கான சட்ட வழிகள்

2010 ஆகஸ்ட் 24 அன்று, ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டீபியூ நிறுவனம், ஏ.எஸ்.ஆர். என்ற பெயரில் தான் விற்றுவந்த செயற்கை இடுப்பு மூட்டுகளை உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேரின் உடலில் அவை பொருத்தப்பட்டுவிட்டன. கடையில் இருக்கும் மாத்திரை அட்டையைத் திரும்ப அனுப்பிவிடலாம். எலும்போடு இறுக்கிப் பொருத்திய மூட்டைத் திரும்பப் பெற வேண்டுமென்றால் அந்த நோயாளியை மீண்டும் அறுவை மேசையில் கிடத்தியாக வேண்டும். அந்தச் செலவு, அந்த வலி, இழந்த வருமானம், மாறிப்போன நடை ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு, அதை எங்கே போய்க் கேட்பது என்ற கேள்விகளுக்கு இந்தியாவில் அப்போது தெளிவான விடை இல்லை. இன்று ஓரளவு இருக்கிறது. ஆனால் அந்த விடை பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதே என் கவலை.

ஏ.எஸ்.ஆர். மூட்டில் பந்தும் கிண்ணமும் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்தால் ஆனவை. கிண்ணத்தின் ஆழம் குறைவாக வடிவமைக்கப்பட்டிருந்ததால், அது சற்றே சாய்வாகப் பொருந்தினாலும் பந்து அதன் விளிம்பில் உரசியது. நடக்க நடக்க உலோகத் துகள்கள் உதிர்ந்து சுற்றியுள்ள தசையில் படிந்தன. கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் ஏறின. சிலருக்குத் தசை அழுகியது, சிலருக்குக் கட்டி போல வீங்கியது, சிலருக்கு எலும்பே கரைந்தது. பொருத்திய ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றில் 12 முதல் 13 பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்தின் தேசிய மூட்டுப் பதிவேடு காட்டியது. ஆஸ்திரேலியப் பதிவேடு அதற்கும் முன்பே எச்சரித்திருந்தது; 2009 டிசம்பரிலேயே அந்த நாட்டில் இந்த மூட்டு விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. யாருக்கு எந்த மூட்டு எப்போது பொருத்தப்பட்டது, அது எத்தனை ஆண்டு தாங்கியது என்பதை நாடு முழுவதும் ஒரே ஏட்டில் குறித்து வைத்திருந்ததால்தான் அந்த இரு நாடுகளும் கேட்டைக் கண்டுகொள்ள முடிந்தது.

இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு இந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு தழுவிய எச்சரிக்கை விடுத்தது 2013 டிசம்பரில்தான், அதாவது உலகளாவிய அறிவிப்பு வந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு. 2017 பிப்ரவரியில் மருத்துவர் அருண் அகர்வால் தலைமையில் மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்தது. ஒவ்வொருவருக்கும் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று அந்தக் குழு பரிந்துரைத்தது. அதன் பிறகு அமைந்த இன்னொரு குழு நோயாளியின் வயதையும் ஊனத்தின் அளவையும் கொண்டு தொகையைக் கணக்கிடும் சூத்திரத்தை வகுத்தது. 2018 நவம்பர் இறுதியில் அரசு அதை ஏற்றது. அதன்படி ஒருவருக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை கிடைக்க வேண்டும். நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதை எதிர்த்தது. 2019 மே மாதத்தில், மறு அறுவை செய்துகொண்டதாகச் சரிபார்க்கப்பட்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர அதே நீதிமன்றத்தில் அது இசைந்தது. ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. தங்கள் இடுப்பில் இருப்பது திரும்பப் பெறப்பட்ட மூட்டு என்று தெரியாமலேயே வலியை வயோதிகத்தின் கணக்கில் எழுதிவிட்டவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ!

அமெரிக்காவில் இதே மூட்டுக்கு நடந்தது வேறு. அங்கே ஆயிரக்கணக்கான வழக்குகள் ஒஹாயோ மாநிலத்தின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. 2013 நவம்பரில் நிறுவனம் ஏறத்தாழ 250 கோடி டாலர் தர உடன்பட்டது. மூட்டை அகற்றிக்கொண்ட சுமார் 8,000 பேருக்கு அது பகிரப்பட்டது. அமெரிக்கரின் வலிக்கு மதிப்பு அதிகம், இந்தியரின் வலிக்குக் குறைவு என்று இதைப் படிப்பவருக்குக் கோபம் வருவது நியாயமே. ஆனால் வேறுபாட்டின் வேர் சட்ட உதவி கிடைக்கும் விதத்தில் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் முன்பணம் வாங்காமல் வழக்கை எடுத்து, வென்றால் தொகையில் ஒரு பங்கைப் பெறலாம், “இந்த மருந்தால் பாதிக்கப்பட்டீர்களா?” என்று விளம்பரமும் செய்யலாம். ஆகவே ஆயிரம் நோயாளிகளைத் தேடிப் பிடித்து, நிபுணர்களுக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்து, பல ஆண்டுகள் காத்திருக்கும் அலுவலகங்கள் அங்கே உருவாயின. இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் இரண்டையும் தடுக்கின்றன: வழக்கின் வெற்றியில் பங்கு பேசக்கூடாது, விளம்பரமும் கூடாது. நீதி வணிகமாகிவிடக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த விதிகள் அவை. ஆயினும் அவற்றால் வந்த வெற்றிடத்தை அரசும் சட்டப் பணிகள் அமைப்பும் இன்னும் நிரப்பவில்லை. பாதிக்கப்பட்டவர் தானே தெரிந்துகொண்டு, தானே ஆவணம் திரட்டி, தானே கட்டணம் கொடுத்து வழக்கறிஞரைத் தேடிப் போக வேண்டிய நிலை இங்கே நீடிக்கிறது.

அரசின் குழுக்கள் ஏன் அவ்வளவு தடுமாறின என்பதற்கும் காரணம் உண்டு. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் அடிப்படையில் ஒரு குற்றவியல் சட்டம். உரிமம் கொடுப்பது, மாதிரி எடுப்பது, தரம் தவறினால் தண்டிப்பது ஆகியவை அதன் வேலைகள். 2005 அக்டோபரில் எலும்பு மூட்டுகள் உள்ளிட்ட சில கருவிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் இச்சட்டத்தின் கண்ணில் ‘மருந்து’ ஆயின. ஆனால் விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு கருவி கெட்டுப்போய் நோயாளி பாதிக்கப்பட்டால், தயாரித்தவர் இவ்வளவு தர வேண்டும் என்று கட்டுப்பாட்டு அதிகாரி உத்தரவிட அச்சட்டத்தில் இடமில்லை. புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில் பங்கேற்றவருக்கு இழப்பீடு உண்டு என்று 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அதே மருந்தைப் பிறகு கடையில் காசு கொடுத்து வாங்கியவருக்கு அப்படி ஒரு விதி இல்லை. சோதனைக்கு உடன்பட்டவருக்குக் கிடைக்கும் காப்பு, நம்பி வாங்கியவருக்குக் கிடைக்காதது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் குறையை வேறு பக்கத்திலிருந்து வந்து ஓரளவு நிரப்பியது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் ஆறாம் அத்தியாயம், பொருளால் விளைந்த கேட்டுக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பைத் தனியே வகுத்துச் சொல்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, வகுத்த அளவுகளிலிருந்து விலகல், கொடுத்த உறுதிமொழிக்கு மாறான தன்மை, போதிய எச்சரிக்கையோ பயன்படுத்தும் முறையோ சொல்லாமை ஆகியவற்றில் ஒன்றை நிறுவினால் போதும். கேடு என்பதில் உடற்காயம், நோய், மரணம், அவற்றோடு வரும் மன வேதனை எல்லாம் அடங்கும். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘குறையுள்ள பொருள்’ என்ற பொதுவான கருத்து மட்டும் இருந்தது, ஏ.எஸ்.ஆர். நோயாளிகள் அதை வைத்துக்கொண்டுதான் போராட வேண்டியிருந்தது. இப்போதைய சட்டம் வடிவமைப்புக் குறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆழம் குறைந்த அந்தக் கிண்ணம் போன்ற ஒன்றுக்கு இதைவிட நேரான சொல் தேவையில்லை.

ஆனாலும் மருந்து வழக்குகளில் தயாரிப்பாளர் ஒதுங்கிக்கொள்ள ஒரு வாசலையும் அதே அத்தியாயம் திறந்து வைத்திருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்கு நியாயமான முறையில் எச்சரிக்கை தெரிவிக்கப்பட்டிருந்தால், எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு தயாரிப்பாளர்மேல் நிற்காது. மருத்துவர் சீட்டில் வாங்கும் எல்லா மருந்துகளுக்கும் இந்த வாதம் பொருந்தும் என்பதால், ஒவ்வொரு வழக்கிலும் இது எழும் என்று எதிர்பார்த்தே மனு எழுத வேண்டும். தயாரிப்புக் குறைக்கும் வடிவமைப்புக் குறைக்கும் இந்த வாசல் இல்லை.

பக்கவிளைவும் குறையும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அறியப்பட்டு, காகிதத்தில் அச்சிடப்பட்டு, மருத்துவருக்கும் தெரிந்திருக்கும் பக்கவிளைவு ஒருவருக்கு வந்துவிட்டால் அதனாலேயே மருந்து குறையுள்ளதாகிவிடாது. தெரிந்தும் மறைத்த, அல்லது தெரிந்த அளவுக்குச் சொல்லாத பக்கவிளைவுதான் வழக்குக்கு உரியது. மூட்டுவலிக்குத் தரப்பட்ட வயாக்ஸ் மாத்திரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அது மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுவதாகத் தெரிந்து 2004 செப்டம்பரில் மெர்க் நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. அபாயத்தைக் குறித்துப் போதிய எச்சரிக்கை செய்யவில்லை என்று தொடுக்கப்பட்ட அமெரிக்க வழக்குகளை 2007இல் 485 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்த மாத்திரை தயாரிப்பில் கலப்படம் ஏதுமில்லை. சொல்லாமல் விட்டதுதான் குற்றச்சாட்டு.

இந்தச் சட்டப்படி எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது என்பதில் பலர் குழம்புகிறார்கள். கேட்கும் இழப்பீடு எவ்வளவு என்பது இதைத் தீர்மானிப்பதில்லை; பொருளுக்குக் கொடுத்த விலைதான் தீர்மானிக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். இருமல் மருந்துக்கும் சரி, இடுப்பு மூட்டுக்கும் சரி, கொடுத்த விலை 50 லட்சத்தைத் தொடாது என்பதால், கோரும் தொகை கோடிகளில் இருந்தாலும் சொந்த மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். தயாரிப்பாளர் குஜராத்தில் இருந்தாலும் மனுதாரர் தான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரிய ஆறுதல். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. இறந்தவருக்காக வாரிசும், சிறுவருக்காகப் பெற்றோரும் மனு செய்யலாம். ஒரே பொருளால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஆணையத்தின் அனுமதியோடு ஒருவரே தொடுக்கவும் வழியுண்டு. இந்த வழியை நம் ஊர்களில் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறோம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் ஆணையம் ஏற்கலாம். உடலுக்குள் இருக்கும் மூட்டு போன்ற பொருளில் கேடு மெல்லத்தான் தெரியும் என்பதால், தெரியவந்த நாளைக் காட்டும் மருத்துவ ஆவணம் மனுவின் உயிர்நாடியாகிறது.

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாப் பகுதியில் நடந்தது நமக்கு இன்னும் நெருங்கியது. சளிக்குக் கொடுத்த கோல்ட்ரிஃப் என்ற மருந்தைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்சம் 0.1 விழுக்காடு. நிறுவனத்தின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் சென்னையில் கைதானார். இதே நச்சால் 1972இல் சென்னையிலும், 1986இல் பம்பாயிலும், 1998இல் குருகிராமிலும், 2019-20இல் ஜம்முவிலும் உயிர்கள் போயின என்பதை நினைக்கையில் நெஞ்சு பதறுகிறது.

கைதும் தண்டனையும் குடும்பத்துக்கு என்ன தருகின்றன? கலப்பட மருந்தால் மரணம் விளைந்தால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள் வரையும் நீளலாம் என்கிறது மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. அபராதம் 10 லட்சத்துக்கும், பறிமுதல் செய்த மருந்தின் மதிப்பைப் போல மும்மடங்குக்கும் குறையக்கூடாது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நல்ல வரியைச் சேர்த்தது: அந்த அபராதம் பாதிக்கப்பட்டவருக்கோ, இறந்தவரின் உறவினருக்கோ இழப்பீடாகச் சேர வேண்டும். ஆனால் அது தீர்ப்பு வந்து, தண்டனை உறுதியாகி, பணம் வசூலான பிறகுதான். மேலும் ‘தரம் குறைந்த மருந்து’ என்ற இலேசான பிரிவில் வழக்கு பதிவானால் இந்த வரி பொருந்தாது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தப் பிரிவை அபராதம் கட்டி முடித்துக்கொள்ளக் கூடியதாகவும் ஆக்கிவிட்டது. ஆகவே எந்தப் பிரிவில் வழக்கு போடப்படுகிறது என்பதைக் குடும்பத்தின் வழக்கறிஞர் முதல் நாளிலிருந்தே கவனிக்க வேண்டும். அரசு அறிவிக்கும் சில லட்சம் நிவாரணம் இழப்பீடாகாது. குற்ற வழக்கு நடப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையும் போய்விடாது. இரண்டும் வெவ்வேறு வழக்குகள்.

சிந்த்வாடாவில் மருந்தை எழுதிக் கொடுத்த மருத்துவரும் கைதானார். முகம் தெரிந்தவர் மருத்துவர்தான் என்பதால் சினம் முதலில் அவர்மேல் பாய்வது இயல்பு. ஆனால் பாட்டிலுக்குள் நச்சு இருப்பதை எந்த மருத்துவரும் கண்ணால் கண்டறிய முடியாது. அவர் தவறு செய்தாரா என்பதைத் தனியே ஆராயலாம். அதே வேளையில், குழந்தைக்கு என்ன கொடுக்கப்பட்டது, எப்போது சிறுநீர் நின்றது என்று சொல்லக்கூடிய முதன்மைச் சாட்சியும் அவராக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

தயாரிப்பாளரோடு அரசும் பொறுப்பேற்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஜம்முவின் ராம்நகர் ஒரு விடை தந்திருக்கிறது. அங்கே இருமல் மருந்தால் குழந்தைகளை இழந்த குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது; மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கண்காணிப்புத் தவறே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை எதிர்த்துப் போய் 2022 நவம்பரில் தோற்றது. தொகை சிறியது. ஆனால் ஆய்வாளர் செய்யாமல் விட்ட ஆய்வுக்கு அரசும் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே நிலைபெற்றது.

எந்த வழியில் போனாலும் வழக்கு நிற்பதும் விழுவதும் சான்றுகளால்தான். குழந்தைக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் பாட்டிலைக் குப்பையில் எறிந்துவிடுவது நம் வீடுகளின் வழக்கம். எறியக்கூடாது. மீதி மருந்தோடு மூடியை இறுக்கி, அதன் அட்டைப் பெட்டியோடும் பில்லோடும் எடுத்து வைக்க வேண்டும். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணும் பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருப்பதே இந்தக் கடையில் இந்த மருந்தைத்தான் வாங்கினோம் என்பதற்குச் சான்று. மருந்தை வாங்கியவர் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம் என்று மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவு உரிமை தருகிறது. திறந்த பாட்டிலில் பின்னால் கலந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் அன்றே மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அதே பேட்சின் திறக்காத பாட்டில்களைக் கடையிலிருந்து முறைப்படி மாதிரியெடுக்கச் செய்வதே வலுவானது.

உடலில் பொருத்தும் கருவிகளுக்குச் சான்று மருத்துவமனையில் இருக்கிறது. மூட்டு, ஸ்டென்ட், பேஸ்மேக்கர் எதுவானாலும் அதன் உறையோடு சிறு ஒட்டுச்சீட்டுகள் வரும். தயாரிப்பாளர் பெயர், மாதிரி எண், வரிசை எண், காலாவதி நாள் எல்லாம் அதில் இருக்கும். அறுவை முடிந்ததும் செவிலியர் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிடுவார். நோயாளிக்குக் கிடைக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியிலோ பெரும்பாலும் ‘இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒட்டுச்சீட்டின் நகலை வீடு திரும்பும் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். பிறகு எழுத்தில் கேட்டாலும் மருத்துவமனை கொடுத்தாக வேண்டும். ஆனால் ஆண்டுகள் கடந்தால் பழைய கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். மறு அறுவையில் கழற்றிய கருவியை யாரிடமும் கொடுத்துவிடாமல், பத்திரப்படுத்தித் தர வேண்டுமென அறுவைக்கு முன்பே எழுதிக் கொடுப்பது நல்லது. மருந்தின் தீய விளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளியே தெரிவிக்கலாம். அது இழப்பீடு தராது; ஆனால் இன்ன நாளில் புகார் சொல்லப்பட்டது என்ற பதிவு நிற்கும், அதே கேடு வேறு ஊரில் தலைகாட்டினால் இரண்டும் சேர்த்துப் பார்க்கப்படும்.

அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து பெற்றவர்களின் நிலை வேறு. எல்லாருக்கும் இலவசமாகத் தரப்படும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சாந்தா வழக்கில் கூறிவிட்டது. அவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தொடுக்க வேண்டும், அல்லது மனித உரிமை ஆணையத்தை நாட வேண்டும். தமிழ்நாட்டில் ஏழைகள் பெரும்பாலும் அரசு மருத்துவமனையையே நம்பியிருக்கிறார்கள் என்பதால், சட்டத்தின் இந்த இடைவெளி அவர்களையே அதிகம் தாக்குகிறது. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் இதை இன்னும் கண்டுகொள்ளாதது எனக்கு வேதனையளிக்கிறது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வழக்கறிஞர் கிடைப்பார்; மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. குழந்தையை இழந்த தாயும், மூட்டு கெட்டு நடக்க முடியாமல் போனவரும் இதற்குள் வருகிறார்கள். இந்த உதவி நீதிமன்றங்களுக்கு மட்டுமன்றி நுகர்வோர் ஆணையம் போன்ற அமைப்புகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். முதல் நாள் போகும்போது பில், மருந்துச் சீட்டு, பெட்டி அல்லது ஒட்டுச்சீட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், கேடு முதலில் தெரிந்த நாளிலிருந்து நடந்தவற்றைத் தேதி வாரியாக எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டுபோனால், அன்றே மனு எழுதத் தொடங்கிவிடலாம்.